தோழியின் கண்முன் ஒரு சந்திப்பு: நளவெண்பாக் காட்சியொன்றும் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளும்

புகழேந்திப் புலவரின் நளவெண்பாவை வகுப்பில் எடுக்கும் ஆசிரியர் பெரும்பாலும் சுயம்வர காண்டத்திலேயே நெடும்பொழுது தங்கிவிடுவார். அன்னம் தூது செல்வதும், தேவர் நால்வர் நளனுருக் கொண்டு மன்றத்தில் வீற்றிருப்பதும், தமயந்தி மெய்யான நளனை இனங்காண்பதும் மாணவர்க்குச் சுவை தருவன. கலிதொடர் காண்டத்தில் நள்ளிரவில் துகிலை அரிந்து மனைவியைக் கானகத்தில் விட்டகலும் நளன், அவலச்சுவைக்கு மேற்கோளாக நிற்கிறான். மூன்றாவதாகிய கலிநீங்கு காண்டமோ பிரிந்தவர் கூடும் கதைமுடிவு என்ற அளவில் விரைந்து கடக்கப்படுகிறது. அக்காண்டத்தில் ஏறத்தாழப் பத்து வெண்பாக்களில் அமைந்த ஒரு காட்சியே இக்கட்டுரையின் பொருளாகும். உருமாறிச் சமையற்காரனாக வந்திருக்கும் நளன், தன் மக்கள் இருவரையும் காணும் காட்சி அது.

இதனைப் பிரிந்தோர் ஒருவரையொருவர் இனங்காணும் துறைக்கு உரிய காட்சி என்றும், அரசிளங்குமரனின் மானவுணர்வு வெளிப்படும் இடம் என்றும் விளக்குவதுண்டு. இரு விளக்கங்களும் பொருந்துவனவே. ஆயினும் காட்சியின் அமைப்பை அவை தொடவில்லை. குடும்பத்தை விட்டு நீங்கிய தந்தை ஒருவன், மக்களைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் தாயின் ஏற்பாட்டின்படி, மூன்றாமவர் ஒருவரின் மேற்பார்வையில் தன் பிள்ளைகளைச் சந்திக்கிறான். கோலாலம்பூரிலும் ஷா ஆலாமிலும் உள்ள உயர் நீதிமன்றங்களில் மணவிலக்கு வழக்காடும் நம்மவர் குடும்பங்களுக்கு இவ்வமைப்பு புதியதன்று. மேற்பார்வையுடன் கூடிய சந்திப்பு என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாட்டின் உள்ளியல்பை, அதில் யார் எதனைப் பேசலாம், யாருடைய சொல் எவரைப் புண்படுத்தும் என்பதைப் புகழேந்தி வியக்கத்தக்க நுட்பத்துடன் கண்டிருக்கிறார் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

காட்சி

கதைத் தொடர்ச்சியைச் சுருங்கக் கூறுவோம். புட்கரனோடு ஆடிய சூதில் நாடிழந்த நளன், தன் மகனையும் மகளையும் அந்தணன் ஒருவன் துணையோடு மாமனாகிய வீமனின் குண்டினபுரத்திற்கு அனுப்புகிறான். அப்போது பிள்ளைகள் முதலில் தந்தையின் முகத்தையும் பின்னர்த் தாயின் முகத்தையும் நோக்கி, எங்களைத் தனியே பிரித்து அனுப்புகிறீர்களோ என்று கேட்டு அழுகின்றனர். பின்னர் வருவதற்கு இவ்வினாவே தோற்றுவாய். பெரியோர் சூதாடித் தோற்றதன் பயனைச் சிறியோர் முதலில் நுகர்கின்றனர். நுகர்வதோடு நில்லாமல் அதைப் பற்றிக் கேட்கவும் செய்கின்றனர். மனைவியைக் கானில் நீத்த நளன், கார்க்கோடகன் தீண்டியதால் உருமாறி, வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் மடைத்தொழிலும் தேரோட்டும் தொழிலும் செய்து வாழ்கிறான். தந்தை வீட்டை அடைந்த தமயந்தி, இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி விடுத்து இருதுபன்னனைக் குண்டினபுரத்திற்கு வருவிக்கிறாள். தேரோட்டி வந்தவன்மீது அவளுக்கு ஐயம் பிறக்கிறது.

இங்கே அவள் செய்வது கருதத்தக்கது. தானே சென்று அவனைக் காணவில்லை. அவனை அழைத்து வினவவும் இல்லை. தன் தோழியை அழைத்து, பிள்ளைகள் இருவரையும் அம்மடையனின் அருகே விளையாட விட்டு, அவன் மேற்கொண்டு செய்வதைக் கவனித்து வருமாறு பணிக்கிறாள். பிள்ளைகளிடம் யாதும் கூறப்படவில்லை. அவர்கள் விளையாடச் செல்கின்றனர். அவ்வளவே அவர்கள் அறிந்தது.

மக்களைக் கண்டதும் நளன் நடுங்கிப் பெருமூச்செறிந்து, அவர்களை வாரியெடுத்துத் தோளில் அணைத்துக்கொள்கிறான். என் மக்களைப் போல இருக்கிறீர்கள், யாருடைய மக்கள் நீங்கள் என்று வினவுகிறான். நிடத மன்னனின் மக்கள் தாங்கள் என்றும், அன்னையைக் கானில் விட்டு அவன் அகன்றதால் இந்நகரில் வாழ்கின்றனர் என்றும், தங்கள் நாட்டை வேறொருவன் ஆள்கிறான் என்றும் அவர்கள் அழுதவாறு விடையிறுக்கின்றனர்.

வடமொழி பாரதத்தின் வனபருவத்தில் உள்ள நளோபாக்கியானத்தோடு இதனை ஒப்பிட்டால் தமிழ்ப்புலவரின் தனித்தன்மை விளங்கும். அங்கும் தமயந்தி, கேசினி என்னும் தோழியோடு பிள்ளைகளை அனுப்புகிறாள். வாகுகன் அவர்களைத் தழுவி அழுகிறான். ஆனால் அவன் உடனே பிள்ளைகளை விடுவித்துத் தோழியிடம் பேசத் தொடங்கிவிடுகிறான். இவர்கள் என் பிள்ளைகளை ஒத்திருந்தமையால் அழுதேன். நீ அடிக்கடி இங்கு வந்தால் காண்போர் தவறாக எண்ணுவர். நாங்கள் வேற்றுநாட்டிலிருந்து வந்த விருந்தினர் என்கிறான். அங்கே உரையாடல் மேற்பார்வை செய்பவளுக்கும் மேற்பார்வை செய்யப்படுபவனுக்கும் இடையே நிகழ்கிறது. பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. புகழேந்தி தோழியைப் பின்னே நிறுத்திப் பிள்ளைகளைப் பேசவைத்தார். கதையின் போக்குக்கு இம்மாற்றம் தேவையானதன்று. தமயந்தியின் ஐயம் தெளிய அவனது கண்ணீரே போதும். தேவைக்கு மேல் ஒரு புலவர் எதனைச் சேர்க்கிறாரோ அங்கேதான் அவருடைய நோக்கைத் தேட வேண்டும்.

மறைமலையடிகள் தமிழாக்கிய சாகுந்தலத்திலும் தந்தை தன் மகனை அறியாமலே காணும் இடம் உண்டு. அங்கும் தவப்பெண்டிர் இருவர் சிறுவனுக்குக் காவலாக நிற்பர். அவ்வுறவை உறுதிசெய்வது, பெற்றோரன்றிப் பிறர் தொட்டால் தீங்கிழைக்கும் காப்பு. புகழேந்தியிடம் அத்தகைய தெய்வச் சான்று யாதும் இக்காட்சியில் இல்லை. சொல்லும் கண்ணீருமே சான்று. அவற்றைக் கண்டு வந்து கூறத் தோழி இருக்கிறாள்.

சட்டத்தின் சொற்கள்

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணமுறிவு, 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 1976ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டத்தின்கீழ் அமைகிறது. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றமும் தனிக் குடும்பச் சட்டமும் உண்டு. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 88ஆம் பிரிவு, பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை முடிவு செய்கையில் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்கிறது. அதற்கு உட்பட்டுப் பெற்றோரின் விருப்பமும், தனித்துக் கருத்துரைக்கும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பமும் கருதப்படும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்னும் ஊகமும் அப்பிரிவில் உண்டு; தக்க காரணம் காட்டி அதனை மறுக்கலாம். 89ஆம் பிரிவு, வளர்ப்புரிமை பெறாத பெற்றோர் பிள்ளையைக் காண்பதற்குரிய காலத்தையும் முறையையும் வகுக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. தனியே காண்பதால் பிள்ளைக்கு ஊறு நேரக்கூடும் என்னும் அச்சம் இருந்தால், மற்றொருவர் உடனிருக்கக் காணுமாறு நிபந்தனை விதிக்கப்படுவதுண்டு. நூறாம் பிரிவின்படி, இயலும்போதெல்லாம் குழந்தை நலத்தில் பயிற்சியோ பட்டறிவோ உடைய ஒருவரின் கருத்தை நீதிமன்றம் கேட்டறிதல் வேண்டும். ஆனால் அக்கருத்தை அது ஏற்றேயாக வேண்டும் என்பதில்லை. தோழிக்குச் சட்டம் தந்த இடம் இதுவெனலாம்.

நாம் வழங்கும் சொற்களையும் சற்று நோக்க வேண்டும். நம் நாளேடுகள் பராமரிப்பு உரிமை, சந்திக்கும் உரிமை என எழுதுகின்றன. மலாய்மொழியில் 'லாவாத்தான்' என்னும் சொல்லும் வழங்குகிறது. மருத்துவமனையில் நோயாளியைக் காணச் செல்வதும் அச்சொல்லாலேயே குறிக்கப்படும். சந்திக்கும் உரிமை என்றவுடன் அது தாயுடையதா, தந்தையுடையதா என்னும் வினாவே எழுகிறது. ஐக்கிய நாட்டு மன்றத்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையோ, அதன் ஒன்பதாம் உறுப்பில், பெற்றோரைப் பிரிந்த பிள்ளை அவர்களோடு இடையறாத் தொடர்பு கொள்வதைப் பிள்ளையின் உரிமையாகக் கூறுகிறது. அத்தொடர்பு பிள்ளையின் நலனுக்கு மாறாக அமையும்போது மட்டும் விலக்கு. மலேசியா 1995இல் சில ஒதுக்கீடுகளுடன் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. உரிமை யாருடையது என்பதில் நேர்ந்த இவ்விடமாற்றத்தை நம் தமிழ்ச்சொல் இன்னும் ஏற்கவில்லை. பிள்ளை காணும் உரிமை என்று நாம் எழுதுவதில்லை.

பேசுவது யாருடைய உரிமை என்பதும் நீதிமன்றங்களில் எழுந்த வினாவே. தந்தை சமயம் மாறியதனால் எழுந்த ஒரு வழக்கில், 2004இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் பிள்ளைகள் இருவரும் தாயிடம் வளரவும் தந்தை அவர்களைக் காணவும் ஆணையிட்டது. தாய் தன் சமயத்தைப் பிள்ளைகளுக்குப் போதித்தால் அவ்வுரிமையை இழக்க நேரும் என்னும் நிபந்தனையையும் விதித்தது. பிள்ளை எங்கே இருக்கும் என்பதோடு, பிள்ளையின் முன் எதனைச் சொல்லலாம் என்பதும் ஆணைக்குள் வந்தது. ஈப்போவைச் சேர்ந்த ஆசிரியை இந்திராகாந்தியின் வழக்கு அனைவரும் அறிந்தது. 2009இல் தந்தை, தாய்க்குத் தெரியாமல் மக்கள் மூவரையும் சமயமாற்றம் செய்து, பதினொரு திங்கள் நிரம்பிய கடைசி மகளை எடுத்துச் சென்றார். 2018 ஜனவரி 29ஆம் நாள் புத்ராஜெயாவில் கூட்டரசு நீதிமன்றம், பெற்றோரில் ஒருவர் மட்டுமே செய்த அம்மாற்றம் செல்லாது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னரும் ஆண்டுகள் பல கழிந்தன. மகள் தாயிடம் வந்து சேரவில்லை. மேற்பார்வையுடன் கூடிய சந்திப்பேனும் வாய்க்காத நிலை அது. அவ்வகையில் குண்டினபுரத்துப் பிள்ளைகள் நற்பேறுடையர்.

தந்தையின் வினாவும் மகனின் விடையும்

மீண்டும் காட்சிக்கு வருவோம். பிள்ளைகளின் விடையைக் கேட்ட நளன் உள்ளம் உடைகிறான். அவன் அடுத்துப் பேசுவதை உரைநூல்கள் இயல்பாகக் கடந்துவிடுகின்றன. எனக்கு அவ்வாறு கடக்க இயலவில்லை. உங்கள் நாட்டை ஒருவன் ஆள, நீங்கள் ஓடிவந்து இங்கே தங்கியிருப்பது இழிவல்லவா என்று அவன் கேட்கிறான்.

நாடு பறிபோகக் காரணமானவன் கேட்கும் கேள்வி இது. தன்மேல் உள்ள சினத்தைத் தன் பெயரால் சொல்ல இயலாதவன், அதனைக் குழந்தைகளின் தலையில் ஏற்றுகிறான். அவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தோண்டிப் பார்க்கும் ஆவலும் அவ்வினாவில் உண்டு. பிரிந்த பெற்றோர் பலர் தம்மை அறியாமல் செய்வது இதுவே. அம்மா என்னைப் பற்றி என்ன சொல்கிறாள், அந்த வீட்டுக்கு யார் யார் வருகிறார்கள், அங்கே இருக்க உனக்கு வெட்கமாக இல்லையா என்று பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்விகள் இவ்வினாவின் வழிவந்தவை. மூன்றாமவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குரிய காரணங்களுள் உடற்றீங்கு பற்றிய அச்சம் முதன்மையானது. இவ்வகைச் சொற்றீங்கும் அவற்றுள் ஒன்று.

தோழி குறுக்கிடவில்லை. குறுக்கிடுபவன் மகன். சமையற்காரனே, இப்படி நினைத்துச் சொல்ல உன்னையன்றி வேறு எவர் துணிவார் என்று அவன் சினக்கிறான். எங்கள் அரசனுக்கு வலிமை அவனது வாய்மையே என்கிறான். மன்னர் பலர் வந்து வணங்க, அவர்தம் மணிமுடிகள் உராய்ந்த வடுக்களை என் தந்தையின் அடிகளில் எங்கும் காணலாம் என்கிறான்.

'மடையன்' என்னும் சொல் இங்கே சமையல் தொழிலைக் குறிக்கும் என்பதை வகுப்பில் விளக்காவிட்டால் மாணவர் நகைப்பர். கோயில் மடைப்பள்ளியை நினைவூட்டினால் தெளிவு பிறக்கும். ஆனால் அந்நகைப்பிலும் ஓர் உண்மை உண்டு. மகனின் வாயில் அச்சொல் இழிவுப் பொருளோடுதான் ஒலிக்கிறது. தந்தையைத் தந்தைக்கு எதிராகவே காக்கிறான் மகன். எந்த அடிகளின் பெருமையைப் பாடுகிறானோ அவ்வடிகள் அவன்முன் நிற்கின்றன, அவன் அறியான்.

நளன் விடையாகச் செய்தது இக்காட்சியின் உச்சம் என்பது என் கருத்து. அவன் வாதிடவில்லை, தன்னை வெளிப்படுத்தவும் இல்லை. அரசர் பெருமையை மடையர் அறிவரோ, அறியாமல் பேசிய என்மேல் சினம் கொள்ளாதீர் என்று, கண்ணீர் வழியத் தலை தாழ்த்தி நிற்கிறான். சிறுவன் வகுத்த எல்லையை அவன் ஏற்றுக்கொள்கிறான். தோழியின் கண்முன் அவன் நடந்துகொண்டவற்றுள் அவனுடைய தகுதிக்குச் சான்றாக நிற்பது, மக்களைக் கண்டு அழுததைக் காட்டிலும் இத்தலைவணக்கமே. அழுவது எளிது, உருகிய நெஞ்சு தன் உருக்கத்தையே உரிமையாகக் கொண்டாடவும் கூடும். பேசிய சொல்லைப் பிள்ளையின் முன் திரும்பப் பெறுவது அரிது.

தமயந்தியின் நிலை

தமயந்தியின் செயலைத் தந்திரம் எனக் கருதுவோர் உளர். பிள்ளைகளை அவள் சோதனைக் கருவியாக்கினாள் என்னும் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மையும் உண்டு. இச்சந்திப்பு பிள்ளைகளுக்காக ஏற்பட்டதன்று. தன் ஐயத்தைத் தீர்க்கவே அவள் அதனை ஏற்படுத்தினாள். எனினும் அவளது முன்னெச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. நள்ளிரவில் அரைத்துகிலோடு கானில் விடப்பட்டவள் அவள். விட்டுச்சென்றவன் எம்மனநிலையில் திரும்பியிருக்கிறான் என்பதை அறியாமல் பிள்ளைகளை அவனோடு தனியே விடுவது எங்ஙனம்? நம் சமூகத்தில் மேற்பார்வையைக் கோரும் தாய், கல்நெஞ்சக்காரி எனப் பழிக்கப்படுகிறாள். 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு ஆணை பெற்றவளும் இப்பழிக்குத் தப்புவதில்லை. தந்தையைப் பார்க்க விடாதவள் என்று உற்றார் கூறுவர். பார்க்க விட்டு ஏதேனும் நேர்ந்தால் ஏன் விட்டாய் என்பவரும் அவர்களே.

உரையாசிரியர்கள் போதிய அழுத்தம் தராத ஒன்று உண்டு. மகன் தன் தந்தையின் வாய்மையைப் புகழ்கிறான். அதற்குச் சற்று முன்னர்த்தான், அன்னையைக் கானில் விட்டுச் சென்றான் என்பதையும் பிள்ளைகள் கூறினர். இரண்டையும் அவர்கள் அறிந்திருக்கின்றனர். வளர்ந்ததோ தாய்வீட்டில். அங்கே நடந்தது மறைக்கப்படவில்லை என்பதும், நடந்ததைக் கொண்டு வெறுப்பு ஊட்டப்படவில்லை என்பதும் அவ்விரு விடைகளிலிருந்து தெளிவாகின்றன. தமயந்தி பிள்ளைகளிடம் என்ன பேசினாள் என்று புகழேந்தி ஓரிடத்தும் கூறவில்லை. மகனின் வாய்வழி நம்மை ஊகிக்க விடுகிறார். மகனுக்காகத் தலைதாழ்ந்து நின்ற நளன், ஒருவகையில் அவளது வளர்ப்புக்கும் தலைதாழ்ந்தான்.

தோழி திரும்பிச் சென்று, அவன் மகனிடமும் மகளிடமும் பேசிய யாவற்றையும் கூறுகிறாள். கூறி முடிக்கும் முன்னரே தமயந்தி அழுது வீழ்கிறாள். தோழி தன் கருத்தாக யாதும் உரைத்ததாகப் புலவர் பாடவில்லை. நல்லவன் என்றோ, நடிக்கிறான் என்றோ அவள் தீர்ப்பு வழங்கவில்லை. கேட்டதைக் கேட்டவாறு சேர்க்கிறாள்.

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள தமிழ்ப்பள்ளி ஆசிரியர்க்கு இத்தோழியின் நிலை அந்நியமானதன்று. நீதிமன்றம் யாரை நியமித்தாலும் சமூக நல இலாகா யாரை அனுப்பினாலும், பள்ளி முடியும் வேளையில் வாயிற்கதவருகே நின்று, டீச்சர், பிள்ளையை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்கும் தந்தையையோ தாயையோ எதிர்கொள்பவர் அவரே. ஆணையில் என்ன உள்ளது என்று அவருக்குத் தெரியாது. மறுத்தால் ஒரு பக்கத்தார் மனவருத்தம். இசைந்தால் மறுபக்கத்தாரின் முறையீடு. மறுநாள் பிள்ளை வகுப்பில் எழுதும் கட்டுரையில் அச்சந்திப்பின் சாயல் இருக்கும். அதனைப் படிப்பவரும் அவரே. மலேசியத் தமிழ் நாவல் தந்தையரின் பிரிவை அறியாததன்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியவை கட்டாய உழைப்பு பிரித்த குடும்பங்களைக் காட்டின. ஆனால் அப்பிரிவில் பகைவன் வெளியே இருந்தான்; இழந்தவரை எண்ணி வீடு ஒன்றுபட்டு அழுதது. தாயும் தந்தையும் ஒரே நகரில் இரண்டு தொடர்மாடிகளில் உயிரோடிருக்க, கிழமைக்கு இரண்டு மணி நேரம் கைமாறும் பிள்ளையின் மனத்தை எழுதுவதற்கு வேறொரு நோக்கு வேண்டும். அதற்குரிய முன்மாதிரி ஒன்று நம் பழைய வெண்பா நூலில் கிடக்கிறது.

முன்மாதிரியில் குறையும் உண்டு. உண்மை வெளிப்பட்டபின் மகன், தான் புகழ்ந்த அதே அடிகளில் வீழ்ந்து அவற்றைக் கண்ணீரால் நனைக்கிறான். வடுப்பட்ட அடிகள் என்று முன்னர்ச் சொன்னது அங்கே நிறைவெய்துகிறது. புலவரின் கட்டமைப்புத் திறன் போற்றற்குரியது. மகளுக்கோ தனியாக ஒரு சொல்லும் தரப்படவில்லை. தந்தையை முதன்முதல் கண்டபோது அண்ணனோடு சேர்ந்து அழுது விடைகூறியதோடு அவளது பேச்சு முடிந்துவிடுகிறது. இழிவல்லவா என்னும் வினா அவளை நோக்கியும் கேட்கப்பட்டதே. அவள் என்ன எண்ணினாள் என்பதைத் தோழியும் வந்து கூறவில்லை, தமயந்தியும் கேட்கவில்லை.